ஏழாம் பாலத்தில் ரயில் நிற்காது

இந்தச் சிறு நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் ஏழாம் பாலம் ஊர் மக்களுக்கும் வணக்கம். அம்மாவின் பதினாறாம் நாள் காரியத்துக்காக மலையேறி வந்து, பிறகு முந்நூறு படி இறங்கியும் வந்திருக்கிறீர்கள். முழங்கால் வலி இன்னும் அடங்கியிருக்காது. அந்த வலியோடு படித்தால் அம்மாவின் வாழ்க்கை சீக்கிரம் புரியும் என்பதால் மன்னிப்புக் கேட்காமலே தொடங்குகிறேன். மூத்த மகள் என்று சொல்லி எழுதும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டு, தம்பி பந்தல் வேலையைப் பார்க்கப் போய்விட்டான்.

அம்மா பிறந்தது காரமடைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். அம்மாவைப் பெற்ற அப்பிச்சியின் வீட்டுக்குப் பின்புறம் ரயில் நிலையம். ரயில் வந்து நின்று, ஆளை இறக்கி, ஆளை ஏற்றிக்கொண்டு போவதைப் பார்த்தே வளர்ந்தவர். ரயில் என்றால் நிற்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. பத்தாம் வகுப்பு முடித்த சில வருடங்களில், குன்னூர்ப் பக்கம் தேயிலை ஃபேக்டரியில் பாய்லர் பார்த்துக்கொண்டிருந்த அப்பாவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள்.

கல்யாணமான மூன்றாம் நாள் இருவரும் மலை ரயிலில் வந்தார்கள். குன்னூர் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் அப்பா சன்னலுக்கு வெளியே கை நீட்டி, "அதோ, தகரக் கூரை போட்டிருக்குது பாரு, அதுதான் நம்ம ஊடு" என்றாராம். அம்மா பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். ரயில் நிற்கவில்லை. வீடு பின்னால் போயே போய்விட்டது. நாலு கிலோமீட்டர் தள்ளி மேல் ஸ்டேஷனில் இறங்கி, ட்ரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தேயிலைக் காட்டுப் பாதையில் திரும்பி நடந்திருக்கிறார்கள்.

"ஏனுங்க, ஊட்டு முன்னாடியே போற ரயிலு நம்மூட்டுக்கிட்ட நிக்காதுங்களா?" என்று அம்மா கேட்க, "அதுக்கு ஸ்டேஷன் வேணுமே" என்று அப்பா சிரித்தாராம். இந்தக் கதையை அம்மா எங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒருமுறைகூடச் சிரித்துக்கொண்டு சொன்னதில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊருக்குப் பெயர் வைத்ததே ரயில்வேதான். பாலத்துக்கு எண் போட்டார்கள், அதுவே ஊர்ப் பெயராகிவிட்டது. ரயில் பாதை ஊரின் நடுவில் ஓடுகிறது. பஸ் போகும் ரோடோ தலைக்கு மேலே, படிகளின் உச்சியில் இருக்கிறது. பாலத்து வளைவில் ரயில் மெதுவாகப் போகும். ஆண்களும் பள்ளிப் பிள்ளைகளும் அதில் தொத்தி ஏறி, வேண்டிய வளைவில் குதித்துக்கொள்வார்கள். வாசலில் போகும் வண்டியில் ஏறிக்கொள்வது போலத்தான் நினைத்தார்களே தவிர, அதற்கு டிக்கெட் வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எடுக்க நினைத்தாலும் கொடுக்க ஆளில்லை.

நாங்கள் இருவரும் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு அம்மா கிளைத் தபால் நிலையத்தின் போஸ்ட்மாஸ்டர் ஆனார். எங்கள் வீட்டு முன்னறைதான் அலுவலகம். ஒரு மேசை, ஒரு தராசு, முத்திரைக் கட்டை. அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால் அவர் எங்களுக்கு அம்மா இல்லை. தன் பெயருக்கு வந்த கடிதத்தைக்கூட உடனே பிரிக்க மாட்டார். வேலை நேரம் முடிந்து, மேசையை விட்டு எழுந்து, சமையலறைக்கு வந்த பிறகுதான் பிரிப்பார். "போஸ்ட்மாஸ்டர் டெலிவரி பண்ணீட்டாங்களா?" என்று அப்பா கிண்டல் செய்வார்.

ஒரு மழைக்காலத்துக் காலையில் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தது. நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் படியேறினார்கள். பாசி பிடித்த படிகள். பாதி வழியில் இருக்கும் கல் மேடையில் இறக்கிவைத்து மூச்சு வாங்கியபோது, கீழே குன்னூர் போகும் ரயில் எங்கள் வீட்டைக் கடந்து போனது. அதிலிருந்த சுற்றுலாக்காரர்கள் எங்களைப் பார்த்துக் கையசைத்தார்கள். ரயில் கண்ணுக்கு மறைவதற்குள் அப்பா போய்விட்டார். நின்றிருந்தால் பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. அம்மாவும் அப்படிச் சொன்னதில்லை. ஆனால் முப்பதாம் நாள் முடிந்த மறுநாளே, தொடரும் வருடங்களில் எழுதப்போகும் மனுக்களில் முதலாவதை ரயில்வேக்கு எழுதினார்: ஏழாம் பாலத்தில் ஒரு நிறுத்தம் வேண்டும்.

ஊரே கையெழுத்துப் போட்டது. பல மாதம் கழித்துப் பதில் வந்தது. உங்கள் இடத்திலிருந்து யாரும் ரயிலில் பயணம் செய்ததாகப் பதிவேதும் இல்லை என்று எழுதியிருந்தார்கள். தினமும் தொத்திக்கொண்டு போன எங்கள் ஊருக்கு ஒரு பயணிகூடக் கிடையாதாம்.

அன்று சாயங்காலமே அம்மா ஊரைக் கூட்டினார்.

"இனி ஒருத்தரும் வளைவுல தொத்தக் கூடாதுங்க. மேல் ஸ்டேஷனுக்கு நடந்து போயி, டிக்கெட் எடுத்து ஏறுங்க. நாமளும் ஆளுகதான்னு அவிகளுக்குத் தெரியணுமல்லங்க?"

"குன்னூர் கீழ இருக்குது, நாங்க மேல நடக்கோணுமா?" என்று பக்கத்து வீட்டுப் பொன்னம்மா அக்கா கேட்டார்.

"ஆமாங்க. கொஞ்ச நாளைக்குத்தானுங்க."

கொஞ்ச நாள் இரண்டு வருடமானது. கேரட் மூட்டைக்காரர்கள், ஃபேக்டரி வேலைக்குப் போகிறவர்கள், கல்லூரிப் பெண்கள் எல்லோரும் நாலு கிலோமீட்டர் மேலே நடந்து, டிக்கெட் எடுத்து, ரயிலேறி, தங்கள் வீட்டையே கடந்து குன்னூர் போனார்கள். சன்னல் வழியாகப் பார்த்தால் காலையில் நாம் காயப்போட்ட துணி கொடியில் ஆடும். பயணம் முடிந்து வந்ததும் டிக்கெட்டை அம்மாவிடம் கொடுத்துவிட வேண்டும். கோந்து தடவி, நோட்டுப் புத்தகத்தில் வரிசையாக ஒட்டிவைப்பார்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? நான் பாதி நாள் ரயிலில் போகவில்லை. படியேறி பஸ்ஸில் போய்விட்டு, மேல் ஸ்டேஷன் பக்கத்துத் தோழிகளின் டிக்கெட்டில் ஒன்றை வாங்கி வந்து அம்மாவிடம் கொடுப்பேன். அவர் அதையும் நம்பி ஒட்டினார்.

நோட்டுகள் ஒரு கட்டு சேர்ந்ததும் துணியில் தைத்து, பதிவுத் தபாலில் அனுப்பினார். அவரே எடை போட்டு, அவரே முத்திரை குத்தினார். அன்று அம்மா முகத்தில் பார்த்த சந்தோஷத்தைப் பிறகு நான் பார்த்ததே இல்லை.

பதில் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அம்மா வழக்கம்போல மேசையை விட்டு எழுந்து, சமையலறைக்கு வந்து பிரித்தார். நீங்கள் அனுப்பிய பயணச்சீட்டுகளைப் பார்த்தோம். உங்கள் பகுதி மக்கள் மேல் ஸ்டேஷனை மிக நன்றாகப் பயன்படுத்தி வருகிறார்கள். ஆகையால் இன்னொரு நிறுத்தம் தேவைப்படவில்லை என்று எழுதியிருந்தது.

யாருக்குமே அது தோன்றவில்லை. டிக்கெட்டில் ஏறுகிற ஸ்டேஷன் பெயர்தானே இருக்கும்? ஏழாம் பாலம் என்று எந்த டிக்கெட்டில் இருந்தது? இரண்டு வருடம் ஊரே கால் தேய நடந்து, அந்த ஸ்டேஷனுக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்திருக்கிறோம். வெறும் தாளை ஒட்டிக்கொண்டிருந்ததைப் போலாகிவிட்டது. நான் பஸ்ஸில் போய் ஏமாற்றிய நாட்களில் மட்டும்தான் அந்த ஸ்டேஷன் கணக்கில் ஒரு டிக்கெட்டைக் கூட்டாமல், ஊருக்குக் கெடுதல் செய்யாமல் இருந்திருக்கிறேன்.

அம்மா கடிதத்தை மடித்துவிட்டு, "என் புத்தி போன போக்கைப் பாரு கண்ணு. ஊரையே நடக்க வெச்சுட்டேனே" என்றார். பொன்னம்மா அக்கா உட்பட யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அதற்குப் பிறகும் மனு எழுதினார், பதவியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் எழுதினார். ஆனால் யாரிடமும் கையெழுத்துக் கேட்டுப் போகவில்லை. தன் பெயரை மட்டும் போட்டு அனுப்பினார். பதில் எப்போதும் ஒன்றுதான்.

போன வருடம் ஐப்பசி மழையில் மேலே ஒரு மரம் சாய்ந்து, ஊட்டி போகும் ரயில் எங்கள் வீட்டு வாசலில் ஒன்றரை மணி நேரம் நின்றது. அம்மாவுக்கு அப்போதே சிறுநீரகம் பழுதாகி, நடை குறைந்துவிட்டது. தம்பி நாற்காலியோடு தூக்கி வந்து பாதை ஓரம் உட்காரவைத்தான். ஊர்ப் பெண்கள் பாலில்லாத கட்டஞ்சாயா போட்டுப் பயணிகளுக்குக் கொடுத்தார்கள். சன்னலோரம் இருந்த ஒரு பெண், "இது எந்த ஸ்டேஷன் பாட்டி?" என்று கேட்டார்.

"ஏழாம் பாலமுங்க. ஸ்டேஷன் இல்லீங்க, ஊருதானுங்க."

ரயிலின் கார்டு இளகிய மனசுக்காரர். ஊரார் சொன்ன கதையைக் கேட்டுவிட்டு அம்மாவிடம் வந்தார். "ஏறி உக்காருங்கம்மா. ஊட்டி வரைக்கும் கூட்டீட்டுப் போறேன். யாரும் கேக்க மாட்டாங்க" என்றார்.

அம்மா ரயில் பெட்டியைப் பார்த்தார். நாங்களும் ஏறச் சொல்லிக் கெஞ்சினோம்.

"வேண்டாமுங்க தம்பி. டிக்கெட் இல்லாம ஏறுனா, ஓசியில ஏறுற ஊருன்னு எழுதிப்போடுவாங்க."

மரத்தை வெட்டி எடுத்ததும் ரயில் போய்விட்டது. அவர் வாழ்நாளில் எங்கள் ஊரில் ரயில் நின்றது அந்த ஒரு தடவைதான். அன்றுகூட அவர் ஏறவில்லை. எனக்கு அன்று அம்மாமேல் கோபம் வந்தது. இன்றும் தீரவில்லை.

கடைசி ஆறு மாதம் வாரம் இரண்டு முறை ரத்தச் சுத்திகரிப்புக்காகக் குன்னூர் போக வேண்டியிருந்தது. அப்பாவைத் தூக்கிய அதே படிகளில் அம்மாவையும் தூக்கினார்கள். கல் மேடை வந்ததும் கண்ணை மூடிக்கொள்வார். தை பிறந்ததும், "இனி தூக்க வேண்டாம் கண்ணு, பசங்களுக்கு இடுப்பு ஒடியுது" என்று சொல்லிவிட்டார். வீட்டிலேயே, ஒரு முற்பகலில், தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுக் கண் மூடினார்.

எங்கள் ஊர்ச் சுடுகாடு பாதைக்கு அந்தப் பக்கம். பெண்கள் தண்டவாளம் வரைதான் போவோம். பாடையோடு அங்கே போய்ச் சேர்ந்தபோது வளைவில் ரயில் ஊதியது. தூக்கியவர்கள் ஒதுங்கி நின்றார்கள். ரயில் மெதுவாக, நிற்காமல் கடந்து போனது. அதன் பிறகு ஆண்கள் அம்மாவை அந்தப் பக்கம் கொண்டுபோனார்கள்.

ட்ரங்குப் பெட்டியில் அம்மா பாதி எழுதிய மனு ஒன்று இருக்கிறது. நான் அதை முடித்து அனுப்பப்போவதில்லை. ஊரில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. பிள்ளைகள் எல்லாம் மேட்டுப்பாளையத்துக்கும் திருப்பூருக்கும் இறங்கிவிட்டார்கள். நாளைக்கே ஸ்டேஷன் கட்டினாலும் ஏறுவதற்கு ஆளில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். ஆறு மாதமும் முகம் சுளிக்காமல் நாற்காலியைத் தூக்கிய தேவராஜ் அண்ணனுக்கும் அவரோடு தோள் கொடுத்த மூவருக்கும், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே ஊசி போட்ட செவிலியர்களுக்கும், இரண்டு வருடம் நடந்துவிட்டு ஒரு வார்த்தை குறை சொல்லாத ஊருக்கும், பெயர் தெரியாத அந்தக் கார்டுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

கடைசியாக ஒரு வேண்டுகோள். திரும்பிப் போகும்போது மலை ரயிலில் போக ஆசை இருக்கலாம். தயவுசெய்து மேல் ஸ்டேஷனில் டிக்கெட் எடுக்காதீர்கள். ஒரு டிக்கெட் என்றாலும் அது அந்த ஸ்டேஷன் பெயரில்தான் சேரும். படியேறி பஸ்ஸிலேயே போங்கள். இதனால் எதுவும் ஆகப்போவதில்லை என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் அம்மாவுக்காகச் செய்யுங்கள். பாதி வழியில் அந்தக் கல் மேடை வரும். உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள். கீழே ரயில் போவது அங்கிருந்து நன்றாகத் தெரியும்.