கோச்சின் வீட்டுக்காரன் எழுதிய முன்னோட்டங்கள்

ஆட்டம் முடிந்த பிறகு யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஆடுவதற்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட்டு, மறுநாள் ஊரார் முகத்தில் விழிப்பதுதான் விளையாட்டு நிருபரின் பிழைப்பு. எழுபதுகளின் கடைசியில் மலேசியாவில், ஈப்போ நகரில் ஒரு தமிழ் நாளிதழுக்கு நான் அந்த வேலையைப் பார்த்தேன். காற்பந்து, ஹாக்கி, தோட்டத்துச் சடுகுடு எல்லாவற்றையும் சமாளித்துவிட்டேன். என்னைப் படுத்தி எடுத்தது கல்லூரிப் பெண்களின் கைப்பந்துப் போட்டி. காரணம், எங்கள் ஊர்க் கல்லூரி அணிக்குப் பயிற்சி கொடுத்தவள் என் மனைவி கோகிலா.

மனைவி வேலை பார்க்கிற இடத்துக்கே வேலையாகப் போய் நின்ற அனுபவம் உங்களில் சிலருக்காவது இருக்கும். அவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாற்காலி ஒன்றுதான்

அந்த வருஷம் எங்கள் ஊர்க் கல்லூரியும் சித்தியவான் பக்கத்துக் கல்லூரி ஒன்றும் ஒரு ஆட்டத்திலும் தோற்காமல் வந்திருந்தன. கடைசி ஆட்டம் இந்த இரண்டுக்கும்தான், ஜெயிப்பவர்களுக்குக் கேடயம். முன்னோட்டம் வேண்டும் என்று கோலாலம்பூரிலிருந்து ஆசிரியர் சொன்னதும் எனக்கு ஏக குஷி. செய்தி என் வீட்டு அடுப்படியிலேயே தோசை சுட்டுக்கொண்டிருக்கிறது, வேறென்ன வேண்டும்?

மாலையில் கல்லூரித் திடலுக்குப் போனேன். எனக்கு முன்பே ராஜநாயகம் வந்திருந்தார். ஆங்கிலப் பத்திரிகையின் நிருபர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பா ரயில்வேயில் பெரிய உத்தியோகம். ஆறடி உயரம், கசங்காத வெள்ளைச் சட்டை. அவர் காற்சட்டை மடிப்பில் காகிதம் வெட்டலாம். நானோ ஹோண்டா மோட்டார் சைக்கிளில் காற்று வாங்கிக்கொண்டு வந்ததில் சட்டை பாதி வெளியே தொங்க நின்றேன். திடலோரம் இருந்த ஒரே நாற்காலியை என் மனைவி தன் கையாலேயே தூக்கிவந்து அவருக்குப் போட்டாள். குடிக்க மைலோ வேறு வந்தது. அவர் கேட்கக் கேட்க இவள் சொல்லிக்கொண்டே போனாள்.

நானும் பக்கத்தில் போய், "இந்தத் தடவை யாரெல்லாம் ஆடறாங்க?" என்றேன். வாயிலிருந்த விசிலை எடுத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். ஆட்டக்காரப் பிள்ளைகள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று காலையில்தான் என் சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தவள் கேட்டாள்:

"சார் எந்தப் பேப்பர்?"

உப்பு சரியா?

சரி, வெளியில் அப்படித்தான் நடந்துகொள்ள வேண்டியிருக்கும், வீட்டில் பேசுவாள் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். இரவுச் சாப்பாட்டுக்கு லூமுட்டிலிருந்து வந்த மீன். முதல் கவளத்தை முடித்துவிட்டு, "இந்தத் தடவையும் தவமணியை நம்பித்தான் இறங்குறியா?" என்று மெதுவாக ஆரம்பித்தேன்.

தவமணி சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பிள்ளை. பெற்றவர்கள் பால்மரம் வெட்டுகிறவர்கள். அவள் வலைக்கு மேலே எகிறி ஒரு அடி கொடுத்தால், பந்து விழுந்த இடத்தைத்தான் பார்க்க முடியும், பந்தைப் பார்க்க முடியாது. பேராக் மாநிலம் முழுக்க அவள் பேச்சுத்தான். என் மனைவி ஒரு துண்டு மீனை எடுத்து என் தட்டில் வைத்தாள்.

"சித்தியவான் பிள்ளைங்க நல்ல உயரமாமே?"

இன்னொரு துண்டு மீன்.

"அந்த ராஜநாயகத்துகிட்ட மட்டும் அவ்வளவு நேரம் பேசினியே?"

"அவரு கேட்டாரு, சொன்னேன்."

"நானுந்தானே கேட்டேன்?"

"வீட்டுல நான் கோச் இல்லங்க. கொழம்புல உப்பு சரியான்னு கேளுங்க, சொல்றேன்."

வெட்டிய புன்னகை

இரண்டு நாள் கழித்து ஆங்கிலப் பத்திரிகையில் அரைப் பக்கத்துக்குக் கட்டுரை. அணியின் பயிற்சி, பிள்ளைகளின் சாப்பாடு, கோச்சின் நம்பிக்கை எல்லாம் இருந்தது. கோச் சின்ன வயசில் பத்து காஜா என்ற ஊரில் வெறுங்காலோடு கைப்பந்து ஆடியவர் என்றும் இருந்தது. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் எனக்குத் தெரியாத சங்கதி அது. அந்த வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். காப்பி ஆறிப்போனது.

ஆசிரியர் போன் செய்தார். கோச் யார் வீட்டுக்காரி என்பது அவருக்குத் தெரியாது. சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. அந்தக் கட்டுரையைத் தமிழாக்கி உடனே அனுப்பச் சொன்னார். உட்கார்ந்தேன். என் மனைவி தமிழில் சொல்ல, ராஜநாயகம் அதை ஆங்கிலத்தில் எழுத, நான் அதை மறுபடி தமிழுக்குக் கொண்டுவந்தேன். 'என்று கோச் புன்னகையுடன் கூறினார்' என்று ஓர் இடத்தில் இருந்தது. கூறியதை வைத்துக்கொண்டு புன்னகையை வெட்டிவிட்டேன். இடம் போதாது என்று காரணமும் வைத்திருந்தேன், யாரும் கேட்கவில்லை. ஆசிரியர் கேட்டது வேறு. "அடுத்த தடவை நீயா ஏதாவது கொண்டா. இல்லன்னா ஈப்போ விளையாட்டை வேற ஆளுகிட்ட குடுத்துருவேன்" என்று சொல்லிவிட்டு, கடைசியாகக் கேட்டார்:

"ஏன் தம்பி, அந்த ஊர்ல உனக்கு யாரையுமே தெரியாதா?"

சுவாமி வந்திருக்கிறார்

நம் பக்கம் கதவு சாத்தியிருந்தால் எதிர்ப்பக்கம் போய்ப் பார்ப்போமே என்று சித்தியவானுக்கு வண்டியை விட்டேன். அந்தக் கல்லூரியின் கோச் யூசோப் என்கிற மலாய்க்காரர். என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. "சிக்கு கோகிலாவின் சுவாமி தானே?" என்றார். மலாயில் டீச்சரைச் சிக்கு என்பார்கள், கணவனைச் சுவாமி என்பார்கள். எங்கள் பக்கத்தில் சுவாமிக்குக் கிடைக்கிற மரியாதை வேறு என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது?

உட்காரவைத்து, சுடச்சுட வாழைப்பழப் பொரியலும் தேநீரும் வரவழைத்தார். பிள்ளைகள் ஆடுகிற சத்தம் மண்டபத்துக்குள்ளிருந்து கேட்டது. கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. "ஒரு நிமிஷம் பார்க்கலாமா?" என்றேன். தட்டை என் பக்கம் நகர்த்தினார். அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ராஜநாயகத்தின் கட்டுரையை வெட்டி வைத்திருந்தார். அதைத் தட்டிக் காட்டி, உங்கள் வீட்டம்மா என்ன செய்யப்போகிறார் என்று தனக்குத் தெரிய வேண்டியதெல்லாம் இந்த ஆள் எழுதிவிடுகிறார் என்றார். இங்கேயும் ராஜநாயகம்! வாசல்வரை வந்து கை கொடுத்துவிட்டு யூசோப் சொன்னதைத் தமிழில் தருகிறேன்:

"நீங்க நல்ல மனுஷன்தான் சுவாமி. ஆனா நீங்க சாப்பிடறது அந்த வீட்டுச் சோறு லா!"

ஈரமான மேசை

என் செய்திகளைக் கோலாலம்பூருக்குக் கொண்டுபோவது முனியாண்டி. வெளியூர் டாக்சி ஓட்டுகிற கூட்டாளி. ஆட்டத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது கவரோடு டாக்சி நிலையத்துக்குப் போனேன். எதிர்ச்சாரிச் சீனன் காப்பிக்கடையில் ராஜநாயகம் உட்கார்ந்திருந்தார். எதிரில் என் மனைவி. பக்கத்தில் இரண்டு ஆட்டக்காரப் பிள்ளைகள் ஐஸ் கச்சாங் தின்றுகொண்டிருந்தார்கள்.

கோகிலா தண்ணீரில் விரலைத் தொட்டுத் தொட்டுச் சலவைக்கல் மேசையில் கோடு போட்டாள். வலை இது, பிள்ளைகள் நிற்கிற இடம் இது, பந்து போகிற வழி இது. அவர் எழுதிக்கொண்டார். அவர் ஏதோ சொல்ல, இவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். என்னிடம் கடைசியாக எப்போது அப்படிச் சிரித்தாள் என்று யோசித்தேன். கல்யாணமான புதுசில் நான் சாக்கடையில் விழுந்தபோது. அதற்குப் பிறகு நினைவில்லை. அந்த ஆள் எழுந்து போனதும் ஓடிப்போய் மேசையைப் பார்க்கலாமா என்றுகூடத் தோன்றியது. அதற்குள் கடைப்பையன் துணியால் துடைத்துவிட்டான். டாக்சியில் ஆள் நிறைந்துவிட்டது. நான் நின்ற நிலையைப் பார்த்து முனியாண்டி ஹாரனை அடித்தான்.

"மச்சான், கவரைக் குடுக்கிறியா, இல்ல உன்னையும் ஏத்திக்கிட்டுப் போயி தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில எறக்கி விடவா?"

தோள்பட்டை

மறுநாள் மாலை வீட்டுக்குப் போனால், கூடத்துப் பாயில் தவமணி உட்கார்ந்திருந்தாள். கோகிலா அவள் வலது தோளில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர்க் கிளாசை இடது கையால் வாங்கினாள் அந்தப் பிள்ளை. வலது கை காதுக்கு மேலே எழும்பவில்லை. கோகிலா என்னைப் பார்த்தாள். எழுதாதே என்றும் சொல்லவில்லை, எழுது என்றும் சொல்லவில்லை. ஒத்தடத்துக்கு வெந்நீர் வைக்க உள்ளே போய்விட்டாள்.

எனக்குக் கை துறுதுறுத்தது. ராஜநாயகத்துக்குத் தெரியாத செய்தி, கடைசியில் என் வீட்டுப் பாயிலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது! "எத்தனை நாளா?" என்றேன்.

"ஒரு வாரமாச்சுண்ணே." அடுப்படிப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எழுதிராதீங்கண்ணே. இங்கிலீஷ் பேப்பரு எங்க தோட்டத்துக்கு வராது. நம்ம பேப்பரு வரும். அப்பா படிச்சாருன்னா அன்னைக்கே வந்து பெட்டியத் தூக்கிருவாரு. படிக்க வந்தியா, கைய ஒடிச்சுக்க வந்தியான்னு கேப்பாரு. அப்புறம் படிப்பும் போச்சு."

பேனாவோடு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். எழுதினால் வேலை தப்பும். ராஜநாயகத்தின் முகத்தையும் ஒரு முறை பார்த்துவிடலாம். ஆனால் தோட்டத்துப் பிள்ளை ஒன்று கல்லூரி வாசலை மிதிப்பது எவ்வளவு அபூர்வம் என்று தோட்டத்தில் பிறந்தவனுக்குச் சொல்லவா வேண்டும்? இரண்டு அணிகளும் கடந்து வந்த ஆட்டங்களை எழுதினேன். சித்தியவான் பிள்ளைகளின் உயரத்தை எழுதினேன். திடலின் புல்லைக்கூட எழுதினேன். தவமணி என்ற பெயரை எழுதவில்லை.

ஆட்டத்தன்று காலை ஆங்கிலப் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: தவமணி முழு வேகத்தில் இருக்கிறார், இடப்பக்கத்திலிருந்து அவர் அடிக்கும் அடியைத்தான் நம்பியிருக்கிறோம் என்கிறார் கோச். படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தோள் ஒரு வாரமாக வலிக்கிறது. காப்பிக்கடையில் கோடு போட்டது வலி வந்த பிறகு, மூன்று நாளைக்கு முன்னால்தான். அதற்குள் ஆசிரியரின் போன் வந்துவிட்டது.

"என்ன தம்பி இது, கல்யாணப் பத்திரிகையில பொண்ணு பேரை விட்ட மாதிரி?"

இடது கை

திடலில் நிற்க இடமில்லை. தவமணி இடப்பக்கத்தில் ஆட இறங்கினாள். சித்தியவானின் உயரமான பிள்ளைகள் இரண்டு பேர் அவளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவள் ஓடிவந்து எகிறினால் அவர்களும் கூடவே எகிறினார்கள். பந்தோ அவள் தலைக்கு மேலே பறந்து வலப்பக்கம் போனது. அங்கே சூ மெய் என்று ஒரு குட்டைச் சீனப் பிள்ளை, எந்தப் பத்திரிகையிலும் பெயர் வராதவள், காலி இடம் பார்த்து அடித்தாள். திரும்பத் திரும்ப இதேதான். முதல் செட் எங்களுக்கு.

இரண்டாவது செட்டில் யூசோப் விழித்துக்கொண்டார். தவமணி இடது கையால் செர்வ் போடுவதைப் பார்த்ததுமே புரிந்திருக்கும். அவளை விட்டுவிடுங்கள், குட்டைப் பிள்ளையைப் பிடியுங்கள் என்று கத்தினார். அந்த செட் அவர்களுக்குப் போனது. மூன்றாவது செட்டில் ஆளுக்கொரு புள்ளியாக இழுபறி. கடைசிப் பந்து உயர எழும்பியபோது சித்தியவான் பிள்ளைகள் எல்லாரும் சூ மெய் பக்கம் ஓடினார்கள். பந்து தவமணிக்கு வந்தது. எதிரில் யாருமே இல்லை. எகிறி, இடது கையால் ஒரு தட்டு. பூவைத் தொடுகிற மாதிரிதான். பந்து வலைக்கு அந்தப் பக்கம் பொத்தென்று விழுந்தது.

கூச்சல் அடங்கிய பிறகுதான் பக்கத்தில் ராஜநாயகம் நிற்பதைக் கவனித்தேன். முதல் தடவையாக அவர் சட்டை கசங்கியிருந்தது.

"டீச்சர் எனக்குச் சொன்னதில ஒரு சொல்லும் உண்மையில்லை. உம்மட மனுசி உமக்கு என்ன சொன்னவ?"

"எனக்கு ஒண்ணுமே சொல்லலைங்க."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்வையில் இருந்தது என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும். அதைத்தான் நான் இத்தனை நாளாகச் சுமந்துகொண்டு திரிந்தேன்.

"குடுத்து வைச்ச ஆள் ஐசே நீர்."

ஹோண்டாவின் பின்சீட்டில்

வீட்டுக்குப் போகும் வழியில் கேட்டே விட்டேன். "அவருகிட்ட பொய் சொன்னியே, எனக்கும் அதையே சொல்லியிருக்கலாமே? நானும் எழுதியிருப்பேனே?"

"அவருகிட்ட சொன்னா அவரு எழுதுவாரு, யூசோப் படிப்பாரு, அதோட முடிஞ்சுது" என்றாள் பின்னாலிருந்து. "உங்ககிட்ட பொய்யச் சொல்லிட்டு எப்படிங்க பக்கத்துல படுத்துத் தூங்கறது? அதான் வாயவே தொறக்கல."

பிறகு அவளே என் தோளில் கை வைத்துச் சொன்னாள்:

"தவமணி பேர எழுதாம விட்டீங்களே, அந்த முன்னோட்டம் ரொம்ப நல்லா இருந்துச்சுங்க."

ராஜநாயகத்தின் மேலிருந்த பொறாமை அன்றோடு தீர்ந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அத்தனை அழகாகப் பொய் சொல்லத் தெரிந்தவள் என் எழுத்தைப் பாராட்டும்போதெல்லாம், இன்றைக்கும் ஒரு கணம் நின்று அவள் முகத்தை நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன்.