என் சைக்கிள் நின்ற வாசல்கள்

மேகநோய் என்னும் பால்வினை நோய் தொற்றியவர்களைத் தேடிப்போய் ஆஸ்பத்திரிக்கு அழைத்து வருவதுதான் அறுபதுகளில் என் உத்தியோகம். நல்லது செய்ய வருகிறவனைக் கண்டு ஊரே ஒதுங்குகிற வேலை அது. கதவு தட்டிப் பிழைக்கும் தோழர்களே, உங்களுக்கு இது புரியும்.

இலவச டீ

ராயபுரத்தில் என்னையும் என் பச்சை சைக்கிளையும் தெரியாதவர் கிடையாது. எங்களிடம் ஊசி போட்டுக்கொண்டவர்கள் என்னைக் கண்டதும் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார்கள். நானும் தெருவில் யாருக்கும் வணக்கம் சொல்வதில்லை. சொன்னால் அவர் மானம் போச்சு! ஒருநாள் துறைமுகத்தருகே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். பெஞ்சே காலியாகிவிட்டது. கடைக்காரர் கிளாஸை நீட்டினார்: "நைனா, துட்டு வாணாம். அந்தாண்ட போய் குடி. நீ குந்தினா என் யாவாரம் படுத்துக்குது."

கிரேன்காரர்

அந்தோணி (பெயரை மாற்றியிருக்கிறேன்) துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். தவறாமல் ஊசிக்கு வந்தார். அவர் மனைவி ரெஜினாவுக்கு ஏழாம் மாதம், தலைப்பிரசவம். அந்தப் பெண்ணுக்கும் நோய் தொற்றியிருந்து, பிரசவத்துக்கு முன் பெனிசிலின் போடாவிட்டால், குழந்தை செத்தே பிறக்கலாம் என்று டாக்டர் எச்சரித்தார். அந்தோணி அழுதார். ஆனாலும் அழைத்து வர மறுத்துவிட்டார்.

ஒரு குடும்பத்தை உடைத்துத்தான் ஓர் உயிரைக் காப்பாற்ற வேண்டுமா? அதைச் செய்ய நான் யார்? அந்தோணிக்குத் தெரிந்தது ஒன்றுதான்: "சொன்னா அந்த நிமிசமே ஆத்தா வூட்டுக்குப் பூடுவா சார். அப்பால எனக்கு இன்னா கீது?"

சுவரில் சாத்தாதே

நானே கிளம்பினேன். ரெஜினா வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினால் சந்து முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் பக்கத்து வீட்டுச் சுவரில் சாத்தினேன். அந்த வீட்டு மீன்காரம்மா குப்பம்மா கூடையோடு பாய்ந்து வந்தார்: "யோவ், எட்துக்கினு போய்யா! பொண்ணு பாக்க வராங்கோ. உன் வண்டியப் பாத்தா எவன்யா எம் பொண்ணக் கட்டுவான்?"

எல்லா வாசலும்

ரெஜினாவைப் பார்க்காமலே திரும்பினேன். நான் போய் நிற்பதே இவர்களுக்கு இன்னொரு நோயோ என்று மனம் அரித்தது. பாதி வழியில் சட்டென்று பிரேக் பிடித்தேன். ஒரு வாசலில் நின்றால்தானே சந்தேகம்? எல்லா வாசலிலும் நின்றால்?

மறுநாள் எங்கள் நர்ஸோடு போனேன். முதல் வீட்டிலிருந்து வரிசையாக ஒவ்வொரு வாசலிலும் சைக்கிளை நிறுத்தி, கர்ப்பிணிகள் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை என்று சொன்னோம். ரெஜினா வீட்டிலும் சொல்லியாயிற்று! பயத்தில் குப்பம்மா வீட்டை மட்டும் தாண்டிப் போனேன். பின்னாலேயே குரல் வந்தது: "இன்னாய்யா, எங்க வூட்ட மட்டும் வுட்டுட்டுப் போற? எம் மருமவ புள்ளத்தாச்சி இல்லியா?"

நின்றபடி சோறு

சந்தே ஆஸ்பத்திரிக்குத் திரண்டு வந்தது, குப்பம்மா தலைமையில்! கூட்டத்தோடு கூட்டமாக ரெஜினாவும் வந்தார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பரிசோதனையில் ரெஜினாவுக்கு நோய் இருப்பது தெரிந்தது. டாக்டர் தனியாக அழைத்து விஷயத்தைச் சொல்லி, முதல் ஊசியும் போட்டார். வெளியே வந்த ரெஜினா என் முன்னால் நின்றார். நான் தரையைப் பார்த்தேன். "எனக்கு எப்பவோ தெரியும் சார். ஊசி போட்டுக்கினு வந்து, குந்த முடியாம நின்னுகினே சோறு துன்னாரே! ஆத்தா வூட்டுக்குல்லாம் போவல. மொதல்ல புள்ள பொறக்கட்டும். அப்பால வெச்சுக்கறேன் அவருக்கு."

எதிர்ச்சாரி

ஊசிகள் முடிந்தன. பெண் குழந்தை வீறிட்டபடி பிறந்தது. டாக்டர் பரிசோதித்து, நோயில்லை என்றார். அன்று நான் மிதித்த மிதியில் சைக்கிள் செயின் கழன்றது.

சில நாள் கழித்து அந்த டீக்கடைக்கு எதிர்ச்சாரியில் போய்க்கொண்டிருந்தேன். பெஞ்சில் தோஸ்துகளோடு அந்தோணி. வழக்கம்போல நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவரோ எழுந்து, லாரிகளுக்கு நடுவே சாலையைக் கடந்து ஓடிவந்து, எல்லோரும் பார்க்க என் ஹாண்டில்பாரைப் பிடித்தார்: "சார், ஞாயித்துக்கெழம கோயில்ல கொயந்தைக்கு ஞானஸ்நானம். நீ கண்டிப்பா வரணும். சைக்கிள எங்க வூட்டு வாசல்லயே நிறுத்து!"

நம்மைக் கண்டதும் ஒருவர் சாலையைக் கடந்து இந்தப் பக்கம் வந்தால், என் உத்தியோகத்தில் அதுதான் பதவி உயர்வு.