மனுவில் நான் எழுதிய வரி

அந்த மனுவை எழுதியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழியை முழுக்க அரசாங்கத்தின் தலையில் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ள எனக்கு வழியில்லை.

பெருந்துறை தொழிற்பேட்டைக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. ஊர்க் கடைசியில் பஞ்சாயத்துக்குச் சொந்தமான காலியிடம் ஒன்று இருந்தது. அங்கே ஒன்பது பெண்கள் சாயங்காலம் வாலிபால் விளையாடிக்கொண்டிருந்தோம். எல்லோரும் முப்பதைத் தாண்டியவர்கள். பனியன் கம்பெனியிலும் நூல் மில்லிலும் வேலை. ஒருத்தி சத்துணவுக் கூடத்தில் சமைப்பவள். நான் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் பில் போடுகிறவள். வேலை முடிந்து வந்து, அடுப்புப் பற்ற வைப்பதற்கு முன் எங்களுக்கென்று ஒரு மணி நேரம். சுடிதாருக்கு மேலே வீட்டுக்காரரின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு இறங்குவோம். முதல் பிரசவத்துக்குப் பிறகு பஸ்ஸைப் பிடிப்பதற்காகத் தவிர நான் ஓடியதே இல்லை. அங்கேதான் மறுபடி ஓடினேன்.

இதையெல்லாம் தொடங்கிவைத்தது நூல் மில்லில் வேலை பார்த்த, பக்கத்து ஊர்க்கார அக்கா ஒருவர். பள்ளிக்கூட நாளில் மாநில அணித் தேர்வுக்குப் பெயர் வந்தவர். தேர்வுக்கு முந்தின வாரம் வீட்டில் நிச்சயதார்த்தத்தை வைத்துவிட்டார்கள். அதை அவர் ஒரே ஒரு தடவைதான் எங்களிடம் சொன்னார், அதுவும் சிரித்துக்கொண்டே. நாங்கள் அவரைக் கேப்டன் என்று கூப்பிடுவோம். பந்து மேலே எழும்போது அவர் எகிறி அடிப்பதைப் பார்க்க வேலியோரம் ஆட்கள் வண்டியை நிறுத்துவார்கள். முதலில் கிண்டல் செய்தவர்கள் பிறகு புள்ளி எண்ணினார்கள்.

குறை என்றால் கம்பங்கள்தான். தைலமரக் கம்பை நட்டிருந்தோம். மழை பெய்தால் சாயும், நெட் தொங்கிப்போகும். மாவட்ட அளவில் பெண்களுக்குப் போட்டி நடக்கப்போவதாகக் கேள்விப்பட்டதும் கேப்டனுக்கு ஆசை வந்துவிட்டது.

"அம்மணி, நீதான் நல்லா எழுதுவியே. கலெக்டர் ஆபீஸுக்கு ஒரு மனு எழுது. ரெண்டு இரும்புக் கம்பம், ஒரு நெட்டு, ஒரு லைட்டு. அவ்வளவுதான், வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார்.

நான் அப்படி எழுதவில்லை. இரண்டு கம்பத்துக்காகக் கலெக்டருக்கு மனுவா என்று எனக்கே கூச்சமாக இருந்தது. பெரிதாகக் கேட்டால்தான் மதிப்பார்கள் என்று நினைத்தேன். 'எங்கள் பகுதி மகளிரின் உடல்நலம் மற்றும் பொழுதுபோக்கு மேம்பாட்டிற்காக மேற்படி இடத்தில் உரிய வசதிகள் செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்' என்று எழுதினேன். வாசித்துக் காட்டியபோது எல்லோரும் கை தட்டினார்கள். கேப்டன் மட்டும், "கம்பம்னு எங்கயும் வரலியே கண்ணு?" என்று கேட்டார். "வசதின்னா எல்லாம் அதுல அடக்கமுங்கக்கா" என்றேன். ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டோம். ஒரு திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டு, ஈரோட்டுக்குப் போய் வரிசையில் நின்று கொடுத்துவிட்டு வந்தோம்.

பல மாதம் கழித்து ஒரு நாள் வேலையிலிருந்து திரும்பினால், எங்கள் இடத்தில் ஜேசிபி நின்றது. தைலமரக் கம்புகள் வேலியோரம் கிடந்தன. ஆடுகளத்தின் நட்டநடுவே குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். கேப்டன் ஓட்டமாக ஓடி, குடையோடு நின்ற இன்ஜினியரிடம் போனார்.

"ஏனுங்க, நடுவுல தோண்டுறீங்களே, நாங்க இங்கதானுங்க வெளையாடறோம்."

"உங்களுக்காகத்தானுங்க. உடற்பயிற்சிக் கருவி பத்து வருது. சுத்தியும் நடைபாதை. நல்ல ஸ்கீம்."

"நாங்க கேட்டது கம்பமும் நெட்டும் தானுங்களே?"

அவர் கோபப்படவில்லை. கையிலிருந்த ஃபைலைப் புரட்டி ஒரு தாளை எடுத்து நீட்டினார். என் கையெழுத்து. "உடல்நலம், பொழுதுபோக்குன்னு நீங்கதானுங்க எழுதியிருக்கீங்க. கம்பம்னு எங்கீங்க இருக்குது?"

கேப்டன் தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். தாளை மடிக்காமல் அவரிடமே திருப்பிக் கொடுத்தார். திட்டியிருந்தால் நான் அழுதாவது தீர்த்திருப்பேன்.

திறப்பு விழாவுக்கு எங்களை வரச் சொன்னார்கள். பட்டுச்சேலை கட்டிவரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். ரிப்பன் வெட்டிய பிறகு ஒவ்வொருத்தியையும் ஒவ்வொரு கருவியில் ஏற்றினார்கள். கேப்டனுக்கு நின்றபடியே கையால் சுற்றும் ஒரு சக்கரம். "சிரிங்கம்மா, இன்னும் கொஞ்சம் சிரிங்க" என்றார் போட்டோக்காரர். எகிறி அடித்த அந்தக் கை சக்கரத்தைச் சுற்றியது. கேப்டன் சிரிக்கவும் செய்தார். மறுநாள் பேப்பரில் 'ஆர்வத்துடன் உடற்பயிற்சி செய்யும் மகளிர்' என்று போட்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு இடம் தேடி அலைந்தோம். பள்ளிக்கூடத்தில் வெளியாட்களை விடமாட்டோம் என்றார்கள். கோவில் மைதானத்தில், பெண்கள் குதிப்பது நன்றாக இருக்காது என்று பெரியவர்கள் இழுத்தார்கள். ஒருத்தி ஓவர்டைம் பார்க்கத் தொடங்கினாள், ஒருத்தி குடும்பத்தோடு திருப்பூர் போனாள். மாவட்டப் போட்டி நடந்து முடிந்ததையே யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். சில மாதத்தில் கருவிகளில் பாதி துருப்பிடித்து இறுகிப்போயின. மீதியில் துணி காயப்போட்டார்கள்.

நான் இரண்டாவது மனு எழுதினேன். இந்தத் தடவை கம்பம், நெட் என்று நீள அகலத்தோடு எழுதினேன். செல்போனுக்குப் பதில் வந்தது: மேற்படி இடத்தில் விளையாட்டு வசதிகள் ஏற்கெனவே செய்து தரப்பட்டுள்ளதால் மனு முடித்துவைக்கப்பட்டது.

போன மாதம் பெருந்துறை பஸ் ஸ்டாண்டில் கேப்டனைப் பார்த்தேன். முழங்கால் வலி என்றார், மாத்திரை வாங்க வந்திருந்தார். இத்தனை நாளாக விழுங்கி வைத்திருந்ததை அன்றைக்குக் கேட்டுவிட்டேன்.

"அக்கா, என்ர மேல கோவமுங்களா?"

"உன்ர மேல என்னத்துக்கு அம்மணி கோவம்? நீ எழுதாட்டியும் ஒரு நாளைக்கு எதையாச்சும் கொண்டாந்து அங்க நட்டுத்தான் இருப்பாங்க." மாத்திரைக் கவரைப் பைக்குள் வைத்தார். "ஆனா, நா அன்னைக்கே கேட்டனல்ல கண்ணு, கம்பம்னு எங்கயும் வரலியேன்னு."

அவர் ஊருக்குப் போகும் டவுன் பஸ் வந்தது. கூட்டம் அதிகம். நாலைந்து பேர் முண்டியடித்து ஏறினார்கள். அவர் கம்பியைப் பிடித்து, ஒரு காலை வைத்து, நின்று, பிறகுதான் மறுகாலைத் தூக்க முடிந்தது. "வாரேன்" என்று உள்ளேயிருந்து சொன்னார். நான் சும்மா தலையாட்டினேன்.