லெந்துக்குள் ஒரு தெருவை இறக்கினோம்

1. கைதட்டியவர்கள்

ஜேசிபி தெருமுனையில் உறுமிக்கொண்டு நின்றது. அதற்கும் தமது வீட்டு வாசலின் சாய்தளத்துக்கும் நடுவே, வேட்டியை மடித்துக் கட்டியபடி சாம்ராஜ் அண்ணாச்சி நின்றார். இரும்புக்கடைக்காரர், தெருவிலேயே உயரமான வீடு அவருடையது.

“வாரா பாருங்க பேச்சுக்காரி! மக்கா, அண்ணைக்கு நீ பேசினது ஜோராட்டு இருந்து. நானும் கையத் தட்டுனேன். அதுக்கு எனக்க படியத் தட்டச் சொன்னேனா?”

தெரு சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

மாநகராட்சிக்காகப் பழைய குடியிருப்புத் தெருக்களைச் சீரமைக்கத் திட்டமிடும் குழுவில் எனக்கு ஒப்பந்தப் பணி. மக்களிடம் விளக்கி ஒப்புதல் பெறுவது என் பொறுப்பு. கல்லூரிச் சொற்போர் மேடைகளில் வென்ற கோப்பைகளே என்னை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தன. இத்துறைக்குப் புதிதாக வருவோர்க்காக இதை எழுதுகிறேன்.

அந்தத் தெருவின் நோய் எளியது. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமலேயே ஒவ்வொரு முறையும் அதன்மேல் புதுத் தாரைப் போட்டார்கள். தெரு உயர்ந்தது. வசதியுள்ளவர்கள் வீட்டை உயர்த்திக் கட்டி, வாசலிலிருந்து சாலைக்கு, தெருவோர மழைநீர் ஓடையை மூடிச் சாய்தளம் இறக்கினார்கள். வசதியில்லாத லீலா அக்காவின் வீடு மட்டும் பள்ளத்தில் நின்றுவிட்டது. தையல்தான் அவருக்குப் பிழைப்பு. மழை பெய்தால் தெருவின் தண்ணீர் முழுவதும் அவர் வீட்டுக்குள் வரும். தையல் மெஷினைச் செங்கல் அடுக்கி அதன்மேல் ஏற்றிவைப்பார்.

“இனி ஒரு மழைக்கு வெள்ளம் கேறினா, வீட்டப் பூட்டிட்டு தக்கலைல தம்பி வீட்டுக்குப் போயிருவேன் மக்களே. அங்க எனக்கு ஆரு துணி தைக்கத் தருவா?” என்று முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தார்.

பழைய தார் அடுக்குகளைப் பெயர்த்துத் தெருவை இறக்க வேண்டும். ஓடையைத் திறக்க வேண்டும். சாய்தளங்கள் எல்லாம் போக வேண்டும். இதைத் தேவாலயத்தின் சபை மண்டபத்தில் நான் விளக்கியபோது மண்டபம் முழுவதும் கையுயர்த்தியது. நல்ல பேச்சு அது. இன்றும் அதில் ஒரு வரியை மாற்றமாட்டேன்.

2. எதிரணியின் வாக்கியம்

ஆனால் ஜேசிபி வந்த அன்று வாசலுக்கு வாசல் ஒரே பதில்: “கல்யாணம் கழியட்டு.” திருமணம் நிச்சயமான வீட்டின் வாசற்படியை எங்கள் பக்கத்தில் உடைக்கமாட்டார்கள். அந்த ஆண்டு அத்தெருவில் பாதி வீடுகளில் பெண்ணோ மாப்பிள்ளையோ காத்திருந்தார்கள்.

“அண்ணாச்சி, மோளுக்க கல்யாணம் எப்பம்? அடுத்த வாரமா?” என்று கேட்டேன்.

“கிறுக்கா ஒனக்கு? லெந்து தொடங்கப் போவுது. லெந்துல எவனாம் கல்யாணம் வைப்பானா? ஈஸ்டர் கழிஞ்சாக்கும்.”

லெந்து என்பது ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் தவக்காலம்; அதன் கடைசி ஞாயிறே குருத்தோலை ஞாயிறு. எதிரணியின் வாக்கியத்தைக் கொண்டே எதிரணியை வெல்வது நான் மேடையில் பயின்ற கலை. தெரு முழுவதும் கேட்கக் குரலை உயர்த்தினேன்: “அப்போ லெந்து முடியது வரைக்கும் இந்தத் தெருவுல கல்யாணமே கெடையாது. குருத்தோலை ஞாயிறுக்குள்ள எல்லா வீட்டுக்கும் காம்பவுண்டுக்கு உள்ளேயே புதுப் படி, காரு கேற சாய்தளம், எல்லாம் கட்டித் தாறோம். போதுமா?”

அண்ணாச்சி ஓரடி முன்னே வந்தார். “வாக்கா?”

“வாக்கு.”

அவர் வழிவிட்டார். எங்கள் குழுவின் உதவிப் பொறியாளர் என்னைத் தனியே அழைத்தார். “ஏம்மா, ஆரக் கேட்டு வாக்கு குடுத்த? இந்தத் தெருவுல குழாய் எந்தப் பக்கம் போவுதுண்ணே நமக்குத் தெரியாது. நீ நாள் குறிச்சுக் குடுக்க!”

அவர் அஞ்சியபடியே குழாய்கள் உடைந்தன. தண்ணீர் லாரிக்கு அலைந்தேன். ஒப்பந்தக்காரரின் ஆட்கள் வேறு வேலைக்குப் போனார்கள், திருப்பி அழைத்துவந்தேன். விடியற்காலையில் என் ஊரான பூதப்பாண்டியில் பஸ் ஏறினால், இருட்டிய பிறகே வீடு. குருத்தோலை ஞாயிறன்று ஓலைகளை ஏந்திப் பாடிக்கொண்டு சபையார், இறக்கி முடித்த தெருவில் நடந்தார்கள். கடைசிப் படியில் சிமெண்டு இன்னும் ஈரமாக இருந்தது. எனக்குப் பெருமை தோன்றவில்லை. எங்காவது உட்கார வேண்டும் போலிருந்தது.

3. முதல் மழை

ஜூனில் இடவப்பாதிப் பருவமழை தொடங்கிய அன்று ஒருவரும் அழைக்காமலே அந்தத் தெருவுக்குப் போனேன். ஓடை நிறைந்து ஓடியது. லீலா அக்காவின் வாசலருகே மட்டும் தேங்கி ஏறியது. அடுத்த வீடு அண்ணாச்சியுடையது. மாப்பிள்ளையின் கார் உள்ளே வளைந்து வரக் காம்பவுண்டுச் சாய்தளம் போதவில்லையென்று, கல்யாணத்துக்கு முந்திய வாரம் ஓடைமேல் கல்லும் மண்ணும் கொட்டி மேலே சிமெண்டு பூசியிருந்தார்.

“எடுத்திருவேன் மக்கா. கல்யாணம் கழிஞ்சிட்டுல்லா.”

“எப்ப அண்ணாச்சி?”

“மழை விடட்டு.”

நனைந்துகொண்டு நின்றேன். அப்போது லீலா அக்கா கடப்பாரையோடு வெளியே வந்தார். அதை அண்ணாச்சியிடம் நீட்டினார்.

“நான் அடிச்சா சண்டை வரும் அண்ணாச்சி. நீங்களே அடியுங்க.”

“ஏட்டி, இந்த மழையிலயா?”

“மழையிலதானே வெள்ளம் கேறுது.”

அண்ணாச்சி என்னைத் திட்டினார், மாநகராட்சியைத் திட்டினார், மருமகனின் நீளமான காரையும் திட்டினார். பிறகு கடப்பாரையை வாங்கி ஓங்கி அடித்தார். சிமெண்டு பிளந்தது. தேங்கிய தண்ணீர் ஒரு கணம் தயங்கி, பின் வழி கண்டு ஓடியது. அக்காவின் வாசற்படியைத் தொட்ட வெள்ளம் உள்ளே போகவில்லை.

நான் கற்றது இது: மண்டபத்தில் உயர்ந்த கைகள் அன்று மாலையே இறங்கிவிடுகின்றன. ஒரு தெருவின் சம்மதத்தை ஒவ்வொரு வாசலிலும், ஒவ்வொரு மழைக்கும் மீண்டும் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. அதற்குக் குரல்வளத்தைவிடக் கால்வலியைப் பொறுக்கும் திறன் மிகுதியாக வேண்டும்.

மழை தொடங்கினால் இப்போதும் அந்தப் பக்கம் ஒரு நடை போய்வருகிறேன். லீலா அக்கா தக்கலைக்குப் போகவில்லை. மெஷின் தரையில்தான் இருக்கிறது. செங்கற்களை மட்டும் அவர் எறியவில்லை. கதவுக்குப் பின்னால் அடுக்கியே வைத்திருக்கிறார்.