டாக்டர் ஓட்டு கேட்டு வந்த அன்று

இன்றைக்கு உத்திரமேரூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர், "எங்க டாக்டரு எலெக்ஷன்ல நிக்கறாரு" என்று பெருமையாகச் சொன்னார்.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் ஊர் டாக்டரும் நின்றார். அவர் ஓட்டு கேட்டு வந்தபோது, அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள்.

வாசலில் அப்பாவின் தோளில் கை வைத்து மெதுவாகக் கேட்டார்: "இருமுனா ரத்தம் வருதே, நின்னுச்சா? பயப்படாத, நான் யாராண்டயும் சொல்லமாட்டேன்."

அப்பாவுக்குக் காசநோய் என்று பக்கத்தில் நின்ற எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

அப்பா கும்பிட்டார். "எங்க வூட்டு ஓட்டு அஞ்சும் உங்களுக்குத்தான் சார்."

டாக்டர் ஜெயித்து எம்.எல்.ஏ. ஆனார். அக்கா கல்யாணமும் நடந்தது. அப்பா மட்டும் அதற்கப்புறம் செங்கல்பட்டுக்குப் போய், வேறு பெயர் சொல்லி மருந்து வாங்கினார்.

டாக்டர் மிரட்டினாரா, அக்கறையாக விசாரித்தாரா? இன்னும் எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கு என்ன தோன்றுகிறது, சொல்லுங்கள். உங்கள் டாக்டர் பெயரை மட்டும் இங்கே எழுதாதீர்கள்.