ஆளுக்கு ஒன்றாகப் பிரித்த மெமரி

போன சனிக்கிழமை மத்தியானம் எங்கள் மந்தைவெளி வீட்டுக் கம்ப்யூட்டரில் மூன்றாவது முறையாக அந்த நீலத் திரை வந்து நின்றது. ஸ்டெல்லா கத்தவில்லை, அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஸ்டெல்லா என் மனைவி. கல்யாண வீடியோ எடிட் செய்கிறவள். இப்போதெல்லாம் காலையில் சர்ச்சில் கல்யாணம் என்றால், சாயங்காலம் ரிசப்ஷனிலேயே அதைப் பெரிய திரையில் ஓட்டியாக வேண்டும். மற்ற நாளில் லேட்டானால் சமாளித்துக்கொள்ளலாம். அன்றைக்கு முடியாது. பெண்ணின் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார். காலையில் சர்ச்சுக்குப் போக டாக்டர் விடவில்லை. சாயங்காலம் மட்டும் பர்மிஷன்... தி.நகர் மண்டபத்தில் தலையைக் காட்டிவிட்டு ஏழு மணிக்குத் திரும்பிவிட வேண்டும். மகள் பீடத்துக்கு நடந்து போனதை அவர் பார்ப்பதென்றால் இந்த வீடியோவில்தான்.

இந்தச் சமயம் பார்த்துக் கம்ப்யூட்டர் பாதி வேலையில் படுத்துவிடுகிறது!

அதை அசெம்பிள் செய்தது ஸ்டெல்லாவின் தம்பி ராபின். அடையாறுவாசி. பிராசஸரை கம்பெனி வைத்த வேகத்திலேயே விட்டுவைக்க அவனுக்கு மனசே வராது. அதற்கு மேல் விரட்டி ஓட்டுவான் — ஓவர்க்ளாக்கிங். இத்தனை நாள் நன்றாகத்தான் ஓடியது. ஃபோன் போட்டதும் ஸ்கூட்டரில் பறந்து வந்தான்.

"சூடுக்கா. வேற ஒண்ணும் இல்ல."

கேபினெட் கதவைக் கழற்றினான். டேபிள் ஃபேனை நேராக உள்ளே திருப்பினான். ஏசியைக் குளிரக் குளிர வைத்தான். மறுபடி நீலத் திரை!

"வேகத்தைக் குறைச்சுத் தொலைடா!"

"குறைச்சா எட்டு மணி ஆவும்க்கா. சர்ச்சுல ஒரே இருட்டு, படமெல்லாம் புள்ளி புள்ளியா கீது. அத க்ளீன் பண்றதுக்கே..."

அதற்குள் மண்டபத்திலிருந்து கேமராமேன் பாஷாவின் ஃபோன். "இன்னாக்கா, வந்துகினு கீதா? அப்பா ஆஸ்பத்திரில இருந்து கெளம்பிட்டாராம்."

"வந்துடும் பாஷா" என்றாள் ஸ்டெல்லா.

ஃபோனை வைத்துவிட்டுத் தம்பியைப் பார்த்தாள். "போன வாரம் மெமரி மாத்தினோமே... அதுக்கப்புறம் இன்னிக்குத்தானே இவ்ளோ பெரிய வேலை குடுக்குறோம்?"

ராபின் முகம் செத்துவிட்டது.

இந்த அக்கா தம்பிக்கு ஒரு பழக்கம். எதையும் ஜோடியாக வாங்கி ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்வார்கள். பெட்ஷீட், ஹாட்பாக்ஸ், குடை... கம்ப்யூட்டருக்குள் செருகும் மெமரிப் பட்டையையும் அப்படியே! ஒரே டப்பாவில் வந்த இரண்டில் ஒன்று இங்கே, ஒன்று அடையாறில். இரண்டு வீட்டிலும் அதற்குத் துணையாக ஒரு பழைய மெமரி. கம்பெனியும் ஒன்று, அளவும் ஒன்று, அப்புறம் என்ன?

அப்புறம்தான் எல்லாமே. இரண்டும் சேர்ந்து ஓடுமா என்று சோதித்துத்தான் ஜோடியாக டப்பாவில் போடுகிறார்கள். புதுசின் வேகத்துக்குப் பழசால் ஈடுகொடுக்க முடியவில்லை. சாதாரண வேலையில் இது தெரியவே தெரியாது. விரட்டப்படும் பிராசஸர் மூச்சுவிடாமல் கேட்கும்போது, பழசு எங்கோ ஒரு இடத்தில் தப்பாக எடுத்துக் கொடுத்துவிடும். அவ்வளவுதான், எல்லாம் நின்றுவிடும். பழி மட்டும் பிராசஸர் தலையில்!

ஆபீஸ்களில் மட்டும் என்ன வாழ்கிறது? ஓடி ஓடி உழைக்கிறவனைத்தானே முதலில் சந்தேகப்படுகிறோம்?

அங்கே இருந்த ஜோடியை எடுத்துவர ராபின் அடையாறுக்கு ஓடினான். அவன் திரும்பும்வரை ஸ்டெல்லா ஜன்னலை விட்டு நகரவில்லை. வந்ததும் பழையதைப் பிடுங்கிவிட்டு ஜோடியைச் சேர்த்தான். பிராசஸர் வேகத்தில் கையே வைக்கவில்லை. பாதி தாண்டியது... முக்கால்... முடிந்தது!

பென் டிரைவைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு ஸ்டெல்லா என் பைக்கில் பின்னால் உட்கார்ந்தாள். தேனாம்பேட்டை சிக்னல் விழுவதற்குள் எனக்கு உயிரே போய்விட்டது.

மண்டபத்தில் பெண்ணின் அப்பாவுடைய வீல்சேரை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்கள். "இரு சார், இரு சார்!" என்று கத்திக்கொண்டே பாஷா பென் டிரைவைப் பிடுங்கிப் போட்டான்.

திரையில் பெண், அம்மாவின் கையைப் பிடித்தபடி நடந்து வந்தாள். பெரியவர் கண்ணைத் துடைக்கக்கூட இல்லை. அப்படியே பார்த்தார். முடிந்ததும் ஸ்டெல்லாவைக் கை காட்டிக் கூப்பிட்டார்.

"சீக்கிரமா நடந்து போயிடுறாம்மா... கொஞ்சம் மெதுவா ஓட்ட முடியுமா?"