தோட்டத்தில் மூத்தவள்

புளத்கொகுபிட்டியப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீடுகளில் நடுக்காம்பராவில் இருளாயியும் அவள் தம்பி மூக்கையாவும் இருந்தார்கள். இருவருக்கும் துணை போய்விட்டது. பிள்ளைகள் கொழும்பில் கடை வேலை. தாய் செத்தபின் தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் இருளாயி. அதைத் தினம் ஒரு தடவையாவது சொல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

2006இல் முதியோர் தினத்துக்குத் தோட்டத்திலேயே மூத்தவருக்குப் பொன்னாடை போர்த்துவதென்று புதிதாக வந்த நலன்புரி அதிகாரி கிருஷ்ணகுமாரி முடிவுசெய்தாள். நல்ல பிள்ளைதான். வயதைத் தோட்டத்துச் செக்ரோல் பதிவேட்டில் பார்த்தது மட்டும்தான் வினை. அந்தக் காலத்தில் பையனுக்குச் சீக்கிரம் பேர் பதிந்து சம்பளம் வாங்குவதற்காக அப்பன்மார் வயதைக் கூட்டிச் சொல்வார்கள். மூக்கையாவின் அப்பன் தாராளமாகவே கூட்டியிருந்தான். அதனால் தோட்டத்துக்கே மூத்தவன் மூக்கையா என்றாகிவிட்டது.

இருளாயிக்கு வயிறு எரிந்தது. "எம் மடியில மோண்டவன் எனக்கு மூத்தவனாம்" என்று தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் சொன்னாள், கடைக்குப் போகும் வழியில் சொன்னாள். தம்பி சட்டைக்கு நீலம் போட்டுக் காயவைத்ததைப் பார்த்து அன்று சோறே தின்னவில்லை. பொன்னாடை என்ன பெரிய பொன்னாடை என்று நாங்கள் தேற்றினோம். ஆனால் அவள் கேட்டது துணியை அல்ல. ரப்பர் மரத்தில் பால்வெட்டும் வேலையை விட்ட நாளிலிருந்து அவளை யாரும் எதற்கும் கூப்பிட்டதில்லை. ஒரே ஒரு தடவை, எல்லார் முன்னாலும், அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

கோயில் மண்டபத்தில் நடந்த விழாவில் மூக்கையாவுக்குப் பொன்னாடை போர்த்தியதும் இருளாயி எழுந்து நின்றாள்.

"மிஸ், நான் அவனுக்கு அக்கா."

கிருஷ்ணகுமாரி திகைத்துப்போய் மூக்கையாவிடம் மைக்கை நீட்டினாள். "தாத்தா, அவங்க உங்க அக்காவா?"

மூக்கையா தோளில் கிடந்ததைத் தடவிப் பார்த்தான். "தங்கச்சிங்க மிஸ்" என்றான்.

மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. இருளாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

கிழவன் பதறிப்போனான். மேடையிலிருந்து இறங்கப் பார்த்தான். படி உயரம், முழங்கால் மடங்கவில்லை. மைக் கையில் இருந்ததே அவனுக்கு நினைவில்லை. "அக்கா, போவாத. கையக் குடு, எறங்க முடியல" என்றது தோட்டம் முழுக்கக் கேட்டது.

"தங்கச்சிகிட்டயா கேக்குற?" வாசலில் நின்றபடியே கேட்டாள் இருளாயி.

"இல்ல. எங்க அக்காகிட்ட."

திரும்பி வந்து கை கொடுத்து இறக்கினாள். கிருஷ்ணகுமாரி மைக்கை வாங்கி அவள் பக்கம் பிடித்தாள். "பாட்டி, உங்க பேரு என்னங்க?"

"இருளாயி."

"இருளாயி பாட்டிக்கும் ஒரு பொன்னாடை கொண்டாரச் சொல்றேன்."

"துணி அவன்கிட்டயே கெடக்கட்டும் மிஸ்" என்றாள் அவள், தம்பியின் கையை விடாமல். "எம் பேர இன்னொரு தடவ சொல்லுங்க."